பர்கண்டியில் கேட்ட தமிழ்

லண்டன் நோர்பரியில் எனக்குத் தெரிந்த கணக்காளர் ஒருவர் இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிரான்சின் பர்கண்டிக்குப் போய் வந்தவர், அதன்பின் மனிதர்களை விட்டுவிட்டு வைனோடு மட்டும் பேசினார். ஒரு ஞாயிறு எங்களைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு கிளாஸ் பர்கண்டிச் சிவப்பு வைன் ஊற்றி, சுவரில் ஸ்லைட் போட்டுக் காட்டினார். அழகான மலைச்சரிவுகள், வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள். எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு அவருடைய தொப்பி.

"எந்தச் சரிவிலை வெயில் விழுந்ததெண்டு குடிச்சுப் பார்த்தே சொல்லுவன்," என்றார்.

ஒரு படத்தில் அவருக்குப் பின்னால் பழக்கூடையோடு ஒருவன் சிரித்துக்கொண்டு நின்றான்.

"ஆர் அண்ணை, எங்கட பெடியன் மாதிரி?" என்று கேட்டேன்.

"சீ, மொரோக்கோக்காரன்."

படம் எடுத்த அவர் மனைவி வாசலில் நின்றார். "எங்கட பெடியன்தான். 'அண்ணை, நீங்கள் எந்த ஊர்?' எண்டு ஆசையாக் கேட்டவன். இவர் 'சாரி, நோ தமிழ்' எண்டிட்டார்."

காதில் விழாததுபோல அவர் அடுத்த படத்துக்குப் போனார். "வைன் எப்பிடி?" என்று என்னைக் கேட்டார்.

"புளிக்குது," என்றேன்.

பொய். அப்படியொரு நல்ல வைனை நான் பிறகு குடித்ததே இல்லை. பழம் பறித்த கையை நினைத்து அதைக் குடித்து முடித்தேன். ஊற்றிய கைக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை.