பின்வாசல் வழியாக ஆறு மாதம்

வெளிநாட்டுக்காரர்கள் குடியிருக்கும் வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பட்டப்படிப்பைவிட அவசியமானது, குரங்குகளின் குணம் தெரிந்திருப்பது. இதே மாதிரி வேலையில் இருப்பவர்கள் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். எனக்குத்தான் அது தாமதமாகத் தெரிந்தது.

படித்து முடித்ததும் கிடைத்த முதல் வேலை லூமுட்டில். கடலோரம் பதினெட்டு வாடகை வீடுகள், எல்லாவற்றிலும் வெளிநாட்டவர்கள். குழாய் ஒழுகினால் ஆள் அனுப்புவது, விசா புதுப்பிக்கப் பாஸ்போர்ட்டை ஈப்போவுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது, கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் என்று சொல்வது, எல்லாம் என் பொறுப்பு. ஆறு மாதம் கழித்துத்தான் வேலை நிரந்தரம். அதற்குள் எழுத்தில் இரண்டு புகார் வந்தால் மூட்டையைக் கட்டலாம். மேலாளர் மிஸஸ் செல்வநாயகம், ஈப்போவில் இருக்கும் சிலோன்கார அம்மா, இதை முதல் நாளே சிரிக்காமல் சொன்னார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பாவோ அதே நாள் சிம்பாங் பூலாயில் எங்கள் தாமானில் வீடு வீடாகப் போய் "மகளுக்குப் பெர்மனன்ட் வேலை" என்று சொல்லி முடித்திருந்தார்.

எழுந்து நிற்பது

ஏழாம் நம்பர் வீட்டு மிஸ்டர் கிரஹாம் ஸ்காட்லாந்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் பத்திரிகை படிக்க எங்கள் அலுவலகத்துக்கு வருவார். அவர் கதவைத் தள்ளியதும் நான் எழுந்துவிடுவேன். யோசித்துச் செய்வதில்லை, முழங்கால் தானாக நிமிரும். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். வெள்ளைக்காரர்கள் போய் எவ்வளவோ காலம் ஆகியும் அங்கே மேனேஜரை நாங்கள் துரை என்றுதான் சொன்னோம். துரை வந்தால் யாரும் உட்கார்ந்திருக்கமாட்டோம்.

பெண் நிற்கும்போது தான் உட்காருவது மரியாதையில்லை என்பது கிரஹாமின் வளர்ப்பு. ஆகவே அவரும் நிற்பார். நான் நின்றபடி கோப்பு புரட்ட, அவர் நின்றபடி பத்திரிகை படிக்க, ஒரு வாரம் இப்படியே போனது. பழுது பார்க்கும் மணியம் அண்ணே ஏணியோடு உள்ளே வந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே இருந்தா அந்த நாற்காலி எதுக்கு, எனக்கா? தொர காலம் எப்பவோ முடிஞ்சிருச்சும்மா, உக்காரு லா."

காணாமல் போன கடல்

பதினோராம் நம்பர் வீட்டுக்கு ஒரு டச்சுப் பெண்மணி மாலையில் குடிவந்தார். வாசல்வரை அலை. பங்கோர் தீவுக்குப் போகும் படகுகள் தூரத்தில் மின்மினிப் பூச்சி மாதிரி நகர்ந்தன. மகிழ்ச்சியாகக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை தொலைபேசியில் அழைத்து, கடல் இல்லை என்றார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கடல் இறங்கியிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு. அதில் கொக்குகள், குதித்துக் குதித்துப் போகும் சின்ன மீன்கள், வாளியோடு சிப்பி பொறுக்கும் பெண்கள். எனக்கு அந்தக் காட்சிதான் பிடிக்கும். இப்போதும் ஈப்போவில் சுண்ணாம்பு மலைகளைப் பார்த்தபடி பஸ்ஸில் போகும்போது அந்தச் சேற்று வாசம் திடீரென்று நினைவுக்கு வந்து என்னவோ செய்கிறது. ஆனால் விளம்பரப் படத்தில் சேறு இல்லையே. என் முதல் புகார்க் கடிதம் அப்படித்தான் வந்தது. கடல் ஏறி இறங்கும் நேரங்களை அச்சடித்து அவர் கதவில் ஒட்டிவிட்டு, மன்னிப்பும் கேட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தார்.

"கடலுக்கும் வேலை நேரம் உண்டு என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருக்கலாமே."

மீன் சந்தை

மூன்றாம் நம்பரில் நாகப்பட்டினத்து வளர்மதி அக்கா. கணவர் கப்பல் பழுது பார்க்கும் இன்ஜினியர். வந்து இரண்டு மாதமாகியும் அக்கா வெளியே வருவதில்லை. ஒரு சனிக்கிழமை கட்டாயப்படுத்தி மீன் சந்தைக்கு அழைத்துப்போனேன்.

"நீ எந்த ஊரும்மா?" என்று வழியில் கேட்டார்.

"சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டம்க்கா. இப்ப அங்க ஒன்னும் இல்ல. நாங்க இருந்த லயத்து வீடெல்லாம் இடிச்சிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டுட்டாங்க."

"அப்ப நீயும் என்னை மாதிரி வெளியூர்க்காரிதான்."

நான் பிறந்த மாநிலத்திலேயே என்னை வெளியூர்க்காரி என்று சொன்ன முதல் ஆள் அவர். மறுக்கத் தோன்றவில்லை.

சந்தையில் வஞ்சிரம், நண்டு, இறால் எல்லாம் இருந்தன. அக்கா எதையும் தொடவில்லை. "இங்க யாருமே கத்தல. கத்தாம மீன் வித்தா எனக்கு வாங்கவே மனசு வரமாட்டேங்குது" என்றார். மீன் விற்ற மலாய்க்கார அம்மாளிடம் போய், ஒரே ஒரு தடவை விலையைச் சத்தம் போட்டுச் சொல்ல முடியுமா என்று மலாயில் கேட்டேன். அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வயிற்றிலிருந்து ஒரு கத்து கத்தினார். வளர்மதி அக்காவின் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன்.

"நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் கோவமா கத்தச் சொல்லேன்."

பின்வாசல்

ஐந்தாவது மாதம் கிரஹாமின் பாஸ்போர்ட் விசா முத்திரையோடு திரும்பி வந்தது. எடின்பரோவில் மகள் கல்யாணம். மூன்று நாளில் விமானம். நான் வழக்கம்போல் அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனேன். எந்த வீட்டுக்கும் நான் அப்படித்தான் போவேன். அம்மா துரை பங்களாவில் சமையல் வேலை செய்தவர். சின்ன வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாகத்தான் போயிருக்கிறேன். முன்வாசல் எப்படி இருக்கும் என்று தெரியாது.

தட்டினேன், பதில் இல்லை. பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுத் திரும்பினேன். லூமுட் குரங்குகளுக்குத் தொங்குகிற பை என்றால் சாப்பாடு. கேட்டைத் தாண்டுவதற்குள் பை மரத்தின் உச்சியில் இருந்தது. உள்ளே இருந்த பாஸ்போர்ட்டை ஒரு பெரிய குரங்கு கடைவாயில் வைத்து மென்று பார்த்துக்கொண்டிருந்தது.

என் கூச்சல் கேட்டு வந்த மணியம் அண்ணே ஓடிப்போய் ஆறு பீசாங் கோரேங், அதாவது பொரித்த வாழைப்பழம், வாங்கி வந்தார். சூடான வாழைப்பழ வாசனைக்குக் குரங்கு இறங்கிற்று. இரண்டு கையாலும் அள்ள ஆசைப்பட்டு, பாஸ்போர்ட்டைக் கீழே போட்டது. விசாப் பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அட்டை மூலையில் மட்டும் நான்கு பல் தடம். நான் அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தேன். அண்ணே குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு கவர் வாங்கிப் போட்டுக் குடுத்துருவோம், யாரு பாக்கப்போறா? நீ வாயத் தொறந்தா ரெண்டாவது புகாரு, வேல போச்சு."

முன்வாசல்

அண்ணே சொன்னபடி கவர் வாங்கினேன். போட்டும் பார்த்தேன். பல் தடம் தெரியவில்லை. ஆனால் விமான நிலையத்தில் யாராவது கவரைக் கழற்றி, சேதமான பாஸ்போர்ட் என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டால்? மகள் கல்யாணத்தை அவர் தவறவிடாமல் இருப்பது என் கையில் இருந்தது. கவரைக் கழற்றிவிட்டு மாலையில் முதல் முறையாக அவர் முன்வாசலுக்குப் போனேன். வராந்தாவில் இரண்டு நாற்காலிகள். ஒன்றின் மெத்தை தேய்ந்து நிறம் போயிருந்தது. மற்றது புத்தம் புதிது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் பின்வாசலுக்குப் போனாய் என்று கேட்டார். அம்மாவைப் பற்றியும் சொன்னேன்.

அவர் பல் தடங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார்.

"கவுண்டரில் இருப்பவரும் இந்த நாட்டுக்காரர்தானே, குரங்கைப் பற்றி அவருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை."

இரண்டாவது கடிதம்

அவர் போனார், கல்யாணம் பார்த்தார், எனக்கு ஒரு துண்டு கேக்கோடு திரும்பியும் வந்தார். தப்பித்தேன் என்று இருந்தேன். ஆறு மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது மிஸஸ் செல்வநாயகம் ஈப்போவிலிருந்து காரில் வந்து இறங்கினார். கையில் கடிதம். ஏழாம் நம்பர் வீட்டுப் புகார் என்றார். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் முதலில் மனதில் ஓடியது.

மேலாளர் கடிதத்தை நிதானமாகப் படித்தார். "உங்கள் ஊழியர் ஆறு மாதமாக என் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகவே வருகிறார். முன்வாசலில் அவருக்காக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டேன். ஒரு நாளும் உட்காரவில்லை. இதைச் சரிசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்." கடிதத்தை மடித்துக் கோப்பில் வைத்துவிட்டு, நின்றுகொண்டிருந்த என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முறைப்பாடு முறைப்பாடுதான் பிள்ளை, கோப்பில கிடக்கத்தான் வேணும், ஆனா கதிரையில இருக்கேல்லை எண்டு ஆரையும் வேலையால நிப்பாட்டினதா எனக்கு ஞாபகம் இல்லை."

இப்போது ஈப்போ தலைமை அலுவலகத்தில் எனக்கென்று நிரந்தரமாக ஒரு நாற்காலி இருக்கிறது. யார் கதவைத் தள்ளினாலும் பாதி எழுந்து, பிறகு ஞாபகம் வந்து உட்கார்ந்துவிடுகிறேன்.