பந்து இப்பம் எங்க?

கடியப்பட்டணத்தில் கால்பந்து நடக்கும் சாயங்காலங்களில், கோல் கம்பத்தின் அருகே வெளுத்த ஜெர்ஸியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். கண் தெரியாது. பக்கத்தில் இருப்பவரின் முழங்காலைத் தட்டி, “பந்து இப்பம் எங்க?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அதனாலேயே உள்ளூர்க்காரர்கள் அவர் பக்கத்தில் உட்காருவதில்லை.

விஷயம் தெரியாமல் ஒருநாள் நான் உட்கார்ந்தேன். “கோல்!” என்று கத்தினேன்.

“சத்தம் எனக்கும் கேட்டுது மக்கா. எப்பிடிப் போச்சுன்னு சொல்லு.”

சொன்னேன். சொல்லிச் சொல்லி அலுத்தது. ஆட்டம் பார்க்க வந்தவன், வர்ணனை செய்யவா வந்தேன்? இடைவேளையில், “டீ குடிச்சிட்டு வாறேன்” என்று எழுந்து, எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அங்கிருந்து பார்த்தேன். என் இடத்தில் தன் துண்டை விரித்துப் போட்டிருந்தார். ஆட்டம் மறுபடி தொடங்கியதும் வெளியூர்க்காரர் ஒருவர் அங்கே உட்கார வந்தார். ஆள் வருவான் என்று கையசைத்து அவரை அனுப்பிவிட்டார்.