கேம் பெட்டி ஜோசியர்

அக்கா புருஷனுக்கு நாங்கள் வைத்த பேர் ஜோசியர். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற மனுஷன். நான் அதே கடையில் பில் போடுகிறேன். வாயைத் திறந்தால் அடுத்த கேம் கன்சோல் எப்போது வரும், உள்ளே எத்தனை ஃபேன், எவ்வளவு மெமரி, இதே பேச்சுதான். வாங்குவாரா என்றால் அதுவும் கிடையாது. வீட்டில் இருப்பது பத்து வருஷப் பழசு. "அடிச்சுச் சொல்றேன், வருஷக் கடைசிக்குள்ள வந்துடும்" என்று ஆன்லைன் குரூப்பில் புனைபெயரில் எழுதுவார். வராது. எல்லோரும் சிரிப்பார்கள். மறுநாளே வெட்கமில்லாமல் அடுத்த தேதி சொல்வார்.

"என்னைக்காவது ஒருத்தர் வந்து, 'எப்படி உங்களுக்குத் தெரிஞ்சுது'ன்னு கேப்பாங்க பாரு."

"கேப்பாங்க மாமா, கேப்பாங்க. முதல்ல லென்ஸை நேரா மாட்டுங்க."

அக்காவுக்கு அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலை. எந்தச் சரக்குக்கு என்ன பெட்டி என்று வெளியே மூச்சு விடக் கூடாது, கையெழுத்தே வாங்கியிருந்தார்கள். ஒரு சாயங்காலம் மணிக்கட்டில் தைலம் தேய்த்தபடி அலுத்துக்கொண்டாள். "புதுசா ஒரு கேம் பெட்டி. உள்தட்டுல ரெண்டு பள்ளம், டிஸ்க் போடுற பாகம் மட்டும் தனியா வருதாம். மடிச்சு மடிச்சுக் கை விட்டுப்போச்சு."

வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்துவிட்டது. அன்றைக்கே எழுதிவிட்டார். மறுநாள் கடை முதலாளியிடமும் காட்டிப் பெருமையடித்தார்.

அது கைமாறிக் கைமாறிக் கம்பெனி வரைக்கும் போனது. எழுதியது யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த வரிசையில் இருந்த ஆறு பெண்களையும் விசாரித்தார்கள். அக்காவின் பக்கத்து சீட்டுக்காரி பையில் போன் இருந்தது. உள்ளே போன் கொண்டுவரவே கூடாது. பழி அவள் தலையில் விழுந்தது. பதினோரு வருஷ வேலை போயிற்று. அந்த வீட்டில் சம்பாதிப்பதும் அவள் ஒருத்திதான்.

"நான்தான்னு சொல்லியிருக்கணும்டி. வாயே வரல" என்று அக்கா அழுதாள்.

"நான் போய்ச் சொல்லிடறேன்" என்றார் மாமா.

"சொல்லி? என் வேலையும் போகட்டுமா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்க நாக்குல சனிதான் உக்காந்திருக்கு மாமா!" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, நானும் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு அவர் குரூப்பில் ஒரு வரி எழுதவில்லை.

ஆறு மாதம் கழித்து அந்தக் கேம் பெட்டி விற்பனைக்கு வந்தது. டிஸ்க் பகுதி தனி. அந்த வாரம் பக்கத்து சீட்டுக்காரி எங்கள் கடைக்கு வந்தாள். வீட்டிலேயே துணி தைக்கிறாளாம், ஊசி கோக்கக் கண் தெரியவில்லையாம். மாமா தலை நிமிராமல் கண்ணாடியை மாட்டிவிட்டு, காதுப்பக்கம் கம்பியைச் சரிசெய்தார்.

முதலாளிக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "இவரைச் சாதாரணமா நினைக்காதீங்கம்மா. புது கேம் பெட்டியில டிஸ்க் தனியா வரும்னு ஆறு மாசம் முன்னாடியே எழுதினவரு!"

அவள் புதுக் கண்ணாடி வழியே அவரையே பார்த்தாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"எப்படிண்ணே உங்களுக்குத் தெரிஞ்சுது?"

மாமா கண்ணாடி துடைக்கும் துணியைத் தேட ஆரம்பித்தார். அது அவர் கையிலேயே இருந்தது.