குறி போட்ட நண்டுகள்

ஆரையம்பதிக் கம்சாயினி புள்ளிவிபரவியலில் பட்டம் பெற்றபோது, இனி அவள் சனத்தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாக வருவாள் என்றுதான் ஊரில் நினைத்தார்கள். அவள் எண்ணப் போனதோ நண்டை. அதுவும் மட்டக்களப்பு வாவிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் நண்டை. கேட்டவர்கள் சிரித்தார்கள். முன்கோபக்காரியான அவளுக்கு ஆத்திரந்தான் வந்தது.

வேலை ஒரு சிறிய ஆய்வு நிலையத்தில். வழி லேசானது. கொஞ்சம் நண்டுகளைப் பிடித்து, ஓட்டில் சிவப்புக் குறி போட்டு வாவியில் விட வேண்டும். பிறகு மீனவர்கள் கொண்டுவரும் நண்டுகளில் எத்தனைக்கு ஒன்று சிவப்பென்று பார்க்க வேண்டும். சிவப்பு அடிக்கடி அகப்பட்டால் வாவியில் நண்டு குறைவு, அரிதாக அகப்பட்டால் ஏராளம்.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய விசயம் தொங்கிக்கொண்டிருந்தது. வாவிக்கரைக் கண்டல் மரங்களின் ஓரத்தில் குஞ்சு நண்டு வளரும் இடத்தில் வலை போடுவதை நிறுத்துவோம் என்று மீனவர் சங்கத்தில் பாதிப்பேர் சொன்னார்கள். மீதிப்பேர் மறுத்தார்கள். அவர்களில் காத்தான்குடி ஹலீமின் குரல்தான் பெரிது, அவருடைய வலை முழுக்க அந்த ஓரத்தில்தான். கடைசியில் கணக்கு வரட்டும், அதன்படி செய்வோம் என்று ஒத்துக்கொண்டார்கள். கம்சாயினியின் அண்ணன் திவாகரன், நண்டு அகப்படாமல் வலையைச் சுருட்டிவைத்துவிட்டுக் கட்டாருக்குப் போனவன். அந்த ஓரத்தைக் காப்பாற்ற வேண்டுமென்று அவளுக்கு எவ்வளவு ஆசை என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் கூடை கூடையாகப் பார்த்தும் சிவப்பு ஒன்றுகூட இல்லை. சூத்திரத்தில் போட்டால், வாவியில் தண்ணீரைவிட நண்டு கூட என்று வரும்போலிருந்தது.

"நல்ல செய்திதானே, அறிக்கையை அனுப்பிருங்க" என்றார் மேலதிகாரி ஜெயந்தன்.

அவளால் முடியவில்லை. சாயம் கழன்றுவிட்டதா, குறி போட்ட நண்டு செத்துவிட்டதா என்று நிலையத்துத் தொட்டியில் சிலவற்றை விட்டுப் பார்த்தாள். சிவப்பு அப்படியே இருந்தது, நண்டுகளும் அவள் விரலைக் கடிக்கும் அளவுக்கு உசாராக இருந்தன. தோணியில் ஏறிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. விடிய ஹலீமோடு போனாள்.

இரண்டாவது வலையிலேயே சிவப்பு வந்தது. ஹலீம் அதைக் கால் ஒடியாமல் பக்குவமாகக் கழற்றித் தண்ணீரில் விட்டார்.

"ஹலீம் நானா, என்ன செய்யிறீங்க?"

"உங்கட நண்டுதானே தங்கச்சி. குறி போட்டிருக்கு. அடுத்தவங்கட பொருள் அமானிதம், அதில கை வைக்கலாமா?"

"இதுக்கு முந்தியும் விட்டிருக்கீங்களா?"

"வாறதையெல்லாம் விடுறதான். எல்லாரும் அப்படித்தான்."

கரைக்கு வந்து ஆரையம்பதி ஆட்களிடம் விசாரித்தாள். "வயல் வட்டைக்குள்ள அடுத்தவன்ட குறிசுட்ட மாடு நிண்டா பிடிச்சுக் கட்டுறமா பிள்ள?" என்று அவளையே திருப்பிக் கேட்டார்கள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஊரே நேர்மையாக நடந்து அவளுடைய கணக்கைப் பொய்யாக்கியிருந்தது. பல்கலைக்கழகத்தில் யாரும் இதற்குச் சூத்திரம் சொல்லித்தரவில்லை.

பழைய கணக்கைக் கிழித்துப்போட்டாள். நண்டு ஓடு கழற்றினால் குறியும் போய்விடும், அதற்குள் முடிக்க வேண்டும். முணுமுணுத்த ஜெயந்தனிடம் மன்றாடி அவகாசம் வாங்கினாள். ஒவ்வொரு தோணித்துறையாகப் போய், "சிவப்பு நண்டும் உங்களுக்குத்தான். விக்க முந்தி எனக்குக் காட்டினாப் போதும்" என்றாள்.

சிவப்பு வரத் தொடங்கியது. ஒவ்வொன்று வரும்போதும் கணக்கில் வாவி நண்டு குறைந்துகொண்டே போனது. உண்மை அகப்பட்டதில் சந்தோசம், அது இப்படி இருக்கிறதே என்று கவலை.

சங்கக் கூட்டத்தில் அவள் ஒரே எண்ணாகச் சொல்லவில்லை. இதற்கும் இதற்கும் இடையில் என்று இரண்டைச் சொன்னாள்.

"இவ்வளவு படிச்சும் சரியாத் தெரியாதா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"தெரியாதுதான். ஆனா ரெண்டில கூடின எண்ணை எடுத்தாலும், பத்து வருசத்துக்கு முந்தி எங்கட நிலையம் எண்ணினதில பாதிகூட வராது."

ஹலீம் எழும்பிச் சாரத்தை இறுக்கிக் கட்டினார். சண்டைக்குத்தான் என்று கம்சாயினி நினைத்தாள்.

"நானும் அந்தப் புள்ளைக்கு என்ட நண்டைக் காட்டித்தான் இந்தக் கணக்கு வந்திருக்கு" என்றார். "இனி அதை இல்லையெண்டு சொல்லேலா. நாளையில இருந்து என்ட வலை கண்டல் பக்கம் போகாது."

அவருக்குப் பின்னால் கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கம்சாயினி அவற்றை எண்ணவில்லை. கண் கலங்கி எதுவும் தெரியவில்லை.