பள்ள வயலுக்கு மைனஸ் கிடையாது

கணக்கு வாத்தியார் வேலையில் ஒரு பெரிய வசதி, கல்லூரியில் இன்று என்ன நடத்தினீர்கள் என்று வீட்டில் ஒருவரும் கேட்க மாட்டார்கள். சாக்பீஸ் தூளை என்னோடு சேர்ந்து தின்ற சகாக்களே, இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்த கதைதான். கழக ஆட்சி வந்த புதிதில், தஞ்சாவூரில் நான் வேலை பார்த்த கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதத்தைத் தமிழ் வழியில் தொடங்கி என் தலையில் கட்டினார்கள். சின்ன வகுப்பு. எல்லாம் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள். எங்கள் பிரின்சிபாலுக்குத் தமிழில் கால்குலஸ் என்றாலே சிரிப்பு வரும். முதல் நாளே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "முதல் வருஷப் பரிட்சையில பாதிப் பேராவது தேறணும். இல்லேன்னா அடுத்த வருஷம் இந்த வகுப்பு கிடையாது. இங்கிலீஷ் வகுப்புல உக்காரட்டும், முடியாதவன் ஊருக்குப் போகட்டும்."

லேப் இல்லாத படிப்பு

சேர்க்கை நாளன்று அய்யம்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருந்த பாய் ஒருவர், மகள் நூர்ஜஹானை அழைத்துக்கொண்டு வந்தார். ஆள் பிடிக்கும் அவசரத்தில் இருந்த நான், கணிதத்தின் அருமை பெருமைகளை எடுத்துவிட்டேன். கிரகணத்தை முன்கூட்டியே சொல்வது கணிதம், பாலம் கட்டுவது கணிதம், வானத்தில் ராக்கெட் போவது கணிதம். தொண்டை கட்டிவிட்டது. பாய் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். அந்தப் பெண் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் பாய் மெதுவாகக் கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டுங்க சார். கெமிஸ்ட்ரின்னா சாயந்தரம் லேப்புல நிறுத்தி வச்சுடுறாங்களாம். இதுலதான் அந்தத் தொல்லை கிடையாதாமே? புள்ள நாலரை பஸ்ஸைப் புடிச்சுடும்ல?"

பள்ள வயல்

தொகையீடு, அதாவது இன்டக்ரேஷன், நடத்தினேன். வளைகோட்டுக்கு அடியில் உள்ள பரப்பு என்று சொல்லிக் கொடுத்ததும் வயல்காட்டுப் பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. அந்தச் சந்தோஷத்தில் சைன் வளைவை ஒரு முழுச் சுற்றுக்குப் போடச் சொன்னேன். அது பாதி தூரம் கோட்டுக்கு மேலே போகும், பாதி தூரம் கீழே இறங்கும். மேலே உள்ளது பிளஸ், கீழே உள்ளது மைனஸ், விடை பூஜ்யம். தாளை வாங்கிப் பார்த்தால், எல்லாரும் சரியாகவே போட்டுப் பூஜ்யம் வரவழைத்து, பிறகு அந்தப் பூஜ்யத்தை அடித்துவிட்டு இரண்டு பக்கத்தையும் கூட்டி எழுதியிருந்தார்கள்! காப்பியடித்தார்களோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. பூதலூர்ப் பக்கத்து மிராசுதார் மகன் குணசேகரன் எழுந்து விளக்கம் சொன்னான்: "பள்ள வயல்ல தண்ணி நின்னா வெள்ளாமை குறையும் சார். வயலே இல்லாமப் போயிடுமா?"

எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. ஆனால் பல்கலைக்கழகத்தில் தாள் திருத்துபவர் சிரிக்க மாட்டாரே! பரிட்சையில் இப்படி எழுதி வைத்தால் வகுப்பையே மூடிவிடுவார்கள். மறுநாள் மாற்றிக் கேட்டேன். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி வயலைச் சமன் செய்கிறீர்கள், மேடும் பள்ளமும் ஒரே அளவு, கடைசியில் கையில் மிஞ்சும் மண் எவ்வளவு? குணசேகரனின் ஊர்க்காரன், அவன் அப்பாவின் நிலத்திலேயே கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பையன் வேலாயுதம், பக்கத்திலிருந்து எழுந்தான்: "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன சார்? இது நிலக் கணக்கு இல்ல, மண்வெட்டிக் கணக்கு."

இரண்டு ஓரம்

தை மாதம் அறுவடை வந்தது, கூலித் தகராறும் வந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுக் கொடி பிடித்தவர்களில் வேலாயுதத்தின் அப்பா முன்னால் நின்றார். குணசேகரனின் அப்பா வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார். போலீஸ் வந்தது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன்களில் ஒருவன் ஜன்னலோரம் போனான், இன்னொருவன் கதவோரம் போனான். பிறகு இருவருமே வருவது குறைந்துபோயிற்று. கணக்கை நன்றாகப் போடுகிறவர்களே அவர்கள்தான். அந்த இரண்டு பேர் கழன்றால் பாதி தேறாது.

பரிட்சைக்காவது வருவார்களா என்று நூர்ஜஹானிடம் கேட்டேன். அது சாவகாசமாகச் சொன்னது: "வருவாங்க சார். குணசேகரன் நோட்ஸு வேலாயுதத்துக்கிட்ட இருக்கு. வேலாயுதத்தோட லாகரிதம் புக்கு குணசேகரன்கிட்ட இருக்கு. வாய் தொறந்து கேக்கத்தான் ரெண்டு பேருக்கும் ரோஷம்."

மதகுக்கு இந்தப் பக்கம்

கணிதப் பரிட்சையன்று பார்த்துக் கடையடைப்பு. பஸ் ஓடவில்லை. நூர்ஜஹானை முதல் நாளே தஞ்சாவூரில் உறவுக்காரர் வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார் பாய். மற்றவர்களும் எப்படியெப்படியோ வந்து சேர்ந்துவிட்டார்கள். அந்த இரண்டு பேரைத்தான் காணோம். மணி அடித்தாயிற்று. அரை மணி தாண்டினால் ஹாலுக்குள் விடமாட்டார்கள். நான் கேட்டில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரின்சிபால் மாடி வராந்தாவில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தது. குணசேகரன் சட்டையெல்லாம் வியர்வையாக மிதித்து வருகிறான். பின்னால் கேரியரில் உட்கார்ந்து நோட்டை விரித்து வைத்துச் சூத்திரங்களை உரக்கப் படித்துக்கொண்டு வருகிறான் வேலாயுதம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, ஏண்டா இவ்வளவு நேரம் என்று கத்தினேன். வேலாயுதம் குதித்து இறங்கி ஹாலைப் பார்த்து ஓடிக்கொண்டே சொன்னான்: "ஊருக்குள்ள ஒண்ணா வந்தா ரெண்டு வீட்லயும் வெட்டுவாங்க சார். வாய்க்கால் மதகு வரைக்கும் நான் வரப்புல நடந்து வந்தேன், இவன் ரோட்டுல வந்தான். மதகுக்கு இந்தப் பக்கம்தான் ஒரே சைக்கிள்."

ரிசல்ட்டில் பாதிக்கு மேல் தேறி வகுப்பு பிழைத்துக்கொண்டது. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போடும் கணக்கை நடத்தியவன் நான் என்றுதான் பேர், போட்டுக் காட்டியவர்கள் என்னவோ அந்தச் சைக்கிள்காரர்கள்.