நாற்பத்தொன்றாம் நாடா

ஏப்ரல் 21: நிலவறையிலிருந்து மேலே வந்த ஒலிநாடாக்கள் 64.
மே 2: பூஞ்சை துடைத்து முடித்தவை 64.
மே 30: கணினியில் ஏறியவை 40.
ஜூன் 10: ஓட்டியது 1. ஏறியது 0.
ஜூன் 30: மொத்தம் ஏறியவை 63.

பல்கலைக்கழக நூலகத்தின் கோடைக்காலத் திட்டத்துக்கு டேப்காரர் எழுதிவைத்த கணக்கு இவ்வளவுதான். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, சம்பளப் பட்டியலில். மற்றபடி நூலகர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் டேப்காரர்தான். அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறவர்.

மாணவர்கள் விடுமுறைக்குக் கிளம்பியதும் நூலகம் கொஞ்சம் மூச்சுவிடும். வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட வேலைகளுக்கு அந்த இரண்டு மாதம்தான் கதி. ஒரு கோடையில் பழைய செய்தித்தாள்களைப் படமெடுத்தார்கள், இன்னொரு கோடையில் வரைபடங்களை. இந்தக் கோடையில் ஒலிநாடாக்களின் முறை வந்தது. முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன் தோணிக்காரர்கள், செவிலியர்கள், செங்கல் அறுப்பவர்கள் என்று உழைத்துப் பிழைத்தவர்களை உட்கார வைத்துப் பேசவிட்டுப் பிடித்த நாடாக்கள். பிடித்தவரும் டேப்காரர்தான். அப்போது அவருக்குத் தலை நிறைய முடி இருந்தது.

ஒவ்வொரு நாடாவின் தொடக்கத்திலும் எண்ணையும் தேதியையும் அவரே சொல்வது வழக்கம். தோணிக்காரர் ஒருவரை வைத்து நாற்பத்தொன்றாம் நாடாவைப் பிடித்த அன்று அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. நூலகத்தில் தட்டச்சராக இருந்த அவர் மனைவி, "நகருங்க, நான் சொல்றேன்" என்று ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தாள். அப்போது அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. மகள் பிறந்து பதினோராம் மாதம் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

குழந்தையைப் பெரியம்மா தூக்கிக்கொண்டு போய் வேறு ஊரில் வளர்த்தாள். அப்பாவும் மகளும் வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். தொலைபேசியில் இருவருக்கும் பேச்சு வராது. "சாப்பிட்டாயா", "சாப்பிட்டேன்" என்பதோடு வாய் அடைத்துவிடும். அதனால் கடிதம். ஒருமுறை நேரில் வந்திருந்தபோது மட்டும் மகள் முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

"ஊர்ல இருக்கறவங்க குரலையெல்லாம் பிடிச்சு வச்சீங்களே அப்பா, அம்மா குரலை மட்டும் எப்படி விட்டீங்க?"

விடவில்லை, ஒரு நாடாவில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் சொன்னார். அதுவரை சொல்லாததற்குக் காரணம் இருந்தது. முதல் சில வருஷம் அதைக் கேட்கும் தைரியம் அவருக்கு இல்லை. தைரியம் வந்தபோது நிலவறையில் தண்ணீர் புகுந்திருந்தது. நாடாவின் மேல்பூச்சு ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுத்துவிட்டது. ஓட்டினால் ஒட்டிக்கொண்டு கிழியும்.

"எனக்கு அது வேணும்" என்றாள் மகள். அதற்கப்புறம் வந்த எல்லாக் கடிதங்களின் கடைசி வரியிலும் அதையே கேட்டாள்.

அப்படிப்பட்ட நாடாவை மிதமான சூட்டில் ஒரு பகல் முழுக்க வைத்தால் காய்ந்துகொடுக்கும். வேதியியல் துறையிலிருந்து ஒரு சூட்டுப்பெட்டியை இரவல் வாங்கி ஒலியறையின் மூலையில் வைத்தார்கள். நல்ல நாடாவானால் அப்புறம் இரண்டு மூன்று முறை ஓடும். தண்ணீர் பட்ட அலமாரியில் இருந்தவை ஒரே ஒருமுறைதான். ஓடும்போதே பூச்சு பழுப்புத் தூளாகக் கொட்டிவிடும். நாற்பத்தொன்று அந்த அலமாரியில் இருந்தது.

பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் கேட்லாக் அம்மாவின் மேசை பக்கத்து அறையில். ஐம்பது வயது, வாய் சும்மா இருக்காது. சூட்டுப்பெட்டியைக் கடக்கும்போதெல்லாம் குனிந்து பார்ப்பாள்.

"என்ன அண்ணே, இன்னிக்கு யாரு வேகறாங்க?"

"செங்கல்காரர்."

"அவர் ஏற்கெனவே சூளையில வெந்தவர்தானே, சீக்கிரம் இறக்கிடுங்க."

ஜூன் ஒன்பதாம் தேதி அவள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். பெட்டியின் மேல் இருந்த எண்ணை அவளும் அறிவாள். "அண்ணியா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையாட்டினார்.

மறுநாள் காலை கதவைச் சாத்திக்கொண்டு நாடாவை ஏற்றினார். பதிவுப் பொறியின் விசையை இரண்டு முறை அழுத்த வேண்டும். ஒருமுறை அழுத்தினால் சிவப்பு விளக்கு மினுக்கும். பொறி தயார் என்று அர்த்தம். மறுமுறை அழுத்தினால் விளக்கு நின்று எரியும்; அப்போதுதான் பதிவாகும். காதில் இரண்டு நிலையிலும் ஒலி கேட்கும், முள்ளும் ஆடும். முதலில் பதிவு, பிறகு நாடா என்பதுதான் அவருடைய முறை. நாற்பது நாடாக்களுக்கும் அப்படித்தான் செய்தார். நாற்பத்தொன்றுக்கு மட்டும், வெற்று முனை ஒட்டாமல் நகர்கிறதா என்று பார்த்துவிட்டு இரண்டாம் முறை அழுத்தலாம் என்று நாடாவை முதலில் ஓடவிட்டார். பயம்தான். விரல் விசையின் மேலேயே இருந்தது.

"நாடா எண் நாற்பத்தொன்று" என்றாள் அவள்.

அவர் நினைத்திருந்ததைவிட மெல்லிய குரல். கொஞ்சம் மூக்கடைப்பு. முப்பத்து மூன்று வருஷமாக அவர் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது வேறு யாருடைய குரலோ. விசையின் மேலிருந்த கை தானாக எழுந்து காதில் மாட்டியிருந்த ஒலிப்பானை அழுத்திப் பிடித்துக்கொண்டது.

அந்தக் கை கீழே வரவில்லை. தோணிக்காரர் வெள்ளத்தைப் பற்றிப் பேசினார், கரை உடைந்ததைப் பற்றிப் பேசினார். முள் ஆடியது, விளக்கு மினுக்கியது, பழுப்புத் தூள் மேசையில் உதிர்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோணிக்காரர் எழுந்துபோன பிறகும் நாடா ஓடியிருக்கிறது. நாற்காலி நகரும் சத்தம். பிறகு அவள்.

"நிறுத்தியாச்சா? பேச முடியாட்டி என்ன, தலையாட்டத் தெரியாதா? நல்லா மாட்டினீங்க. இன்னிக்காவது நான் பேசறதைக் கேளுங்க." ஒரு சிரிப்பு. "ஐயோ, உள்ள இருக்கறவ உதைக்கிறா. அவளுக்கும் ஏதோ சொல்லணுமாம். கொஞ்சம் பொறுடி, வெளிய வந்து சொல்லு, அப்பா பிடிச்சு வைப்பார்."

டக்கென்று நின்றது. அவரேதான் அன்று நிறுத்தியிருக்க வேண்டும்.

கேட்லாக் அம்மா கதவைத் தட்டிவிட்டு வந்தபோது அவர் திரையைப் பார்த்தபடி இருந்தார்.

"ஏறிடுச்சா அண்ணே?"

"அழுத்தலம்மா."

"என்னது?"

"ரெண்டாவது தடவை அழுத்தலை."

அவள் மினுக்கிக்கொண்டிருந்த விளக்கைப் பார்த்தாள். பிறகு மேசையிலிருந்த தூளைப் பார்த்தாள். இருவரும் நாடாவைப் பின்னுக்குச் சுற்றி மறுபடியும் ஓட்டினார்கள். கண்ணாடிப் பட்டை போல வெளிச்சம் ஊடுருவும் நாடா கீச்சென்று கத்தியது. நடுவில் எங்கோ தோணிக்காரர் தண்ணீருக்கடியிலிருந்து கூப்பிடுவதுபோல் ஒரு முனகல். அவ்வளவுதான்.

"டேப்பு செத்துப்போச்சுன்னு எழுதுங்க" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "பொய்யும் இல்லையே. பொண்ணுகிட்டயும் அதையே சொல்லுங்க. அவ மனசாவது ஆறும்."

"ஓடுச்சும்மா. நல்லா ஓடுச்சு. நான் கேட்டேன்."

"அதைத்தான் சொல்லாதீங்கன்னு சொல்றேன்."

பட்டியலின் குறிப்புப் பகுதியில், "இயக்கியவர் பதிவு விசையை அழுத்தவில்லை" என்று எழுதினார். அன்று மாலையே மகளுக்கும் எழுதினார். நடந்ததை நடந்தபடி, அவள் அம்மா சொன்ன சொற்களை ஒன்றுவிடாமல்.

ஆறு வாரம் பதில் இல்லை. பிறகு வந்தது. "அப்படியானால் நீங்கள் மட்டும் கேட்டீர்கள்" என்று தொடங்கியது அந்தக் கடிதம். கோபம் எல்லாம் அந்த ஒரு வரியிலேயே முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் கேள்வி. குரல் எப்படி இருந்தது, சிரிப்பு எப்படி இருந்தது, என் குரலைப் போலவா?

பதில் எழுத உட்கார்ந்தார். மூக்கடைப்பு என்று எழுதினார், மெல்லிய குரல் என்று எழுதினார். "உன் குரலைப் போலவா" என்ற இடத்தில் பேனா நின்றது. மகளின் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். "சாப்பிட்டேன்" என்ற ஒற்றைச் சொல்தான் வந்தது. அதை வைத்து எதையும் ஒப்பிட முடியவில்லை.

காகிதத்தை மடித்து வைத்துவிட்டு மறுநாள் ஒலியறைக்குப் போனார். ஓய்வு பெற இன்னும் இரண்டு நாள். விளக்கு நின்று எரிகிறதா என்று நான்கு முறை பார்த்தார். பிறகு அவள் பேசியதை, எங்கெங்கே நிறுத்தினாளோ அங்கங்கே நிறுத்தி, தன் வாயால் சொல்லிப் பதிவு செய்தார். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அந்த அளவுக்குச் சும்மா இருந்தார். ஒரு குறுவட்டில் போட்டு, தன் கடிதத்தையும் சேர்த்து, கேட்லாக் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் அஞ்சலில் அனுப்பினார்.

மகளிடமிருந்து பதில் வந்தது. அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை.

"அப்பா, கேட்கத் தொடங்கினேன். 'உள்ளே இருக்கிறவள்' என்று நீங்கள் சொன்ன இடம் வரைக்கும்தான் முடிந்தது. அம்மா என்னைப் பற்றிப் பேசியதை உங்கள் குரலில் கேட்க என்னால் ஆகவில்லை. வட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உங்களிடமே இருக்கட்டும். இனி எதுவும் அனுப்ப வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை.