நேராகப் பார்க்கக் கூடாத பிறை

ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸின் பெயர்ப்பலகையில்தான் முதலில் தெரிந்தது. முதலெழுத்தும் கடைசி எழுத்தும் இருந்தன; நடுவில் ஒன்றுமில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். அப்போதும் இல்லை.

மாகுலா (விழித்திரையின் நடுப்பகுதி) தேய்கிறது என்றார் கடலூரில் கண் டாக்டர். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது. இதே ஊசிக்குக் காத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: நாம் பயப்படுகிற அளவுக்கு வலிக்காது. நான் பயந்தது வேறொன்றுக்கு.

ஒரு பிற்பகல் வீட்டில் தொழ நின்றேன். எதிரே வெள்ளைச் சட்டைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். கிப்லாவுக்கு (தொழும் திசைக்கு) முதுகைக் காட்டி, என்னையே பார்த்துக்கொண்டு. சட்டைப் பொத்தான்கூடத் துல்லியமாகத் தெரிந்தது. மூச்சுச் சத்தம் இல்லை. தொழுது முடித்துப் பார்த்தால் யாருமில்லை. ஜின்னோ என்று நினைத்தேன், பைத்தியமோ என்றும் நினைத்தேன். மனைவி ஜமீலாவிடம் வாய் திறக்கவில்லை.

அடுத்த ஊசியின்போது டாக்டரிடம் கொட்டிவிட்டேன்.

"பைத்தியமெல்லாம் இல்லைங்க. கண்ணு அனுப்பாத இடத்த மூளையே வரைஞ்சு நிரப்பிக்குது. நெஜத்த விட அது தெளிவா இருக்கும்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை வீடு வரைக்கும் எனக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் யகீனை (ஐயமற்ற உறுதியை) மூன்று படியாகச் சொல்வார். நெருப்பு இருப்பதாகக் கேட்டறிவது முதல் படி. கண்ணால் காண்பது அதற்கு மேல். விரலில் சுடுவது எல்லாவற்றுக்கும் மேல். எனக்கு நடுப்படி இற்றுப்போயிருந்தது.

இதில் கொடுமை, எங்கள் ஜமாஅத்துக்குப் பிறை பார்த்துச் சொல்பவனே நான்தான். நான் கண்டேன் என்றால் மறுநாள் பெருநாள். இல்லாத பிறையைச் சொல்லிவிட்டால் அத்தனை பேரும் கடைசி நோன்பை விட்ட பழி என் தலையில்.

ரமலான் இருபத்தொன்பதாம் நாள் மாலை, ஜமீலாவோடு குவார்ட்டர்ஸ் மாடிக்குப் போனேன். அனல்மின் நிலையப் புகைக்கு மேலே பிறை நின்றது. வெட்டிப் போட்ட நகம் போல, அவ்வளவு சுத்தம். சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அந்தச் சுத்தம்தான் பயமாக இருந்தது. அங்கேயே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத்தன நாளா இத மனசுல வெச்சிக்கினா எங்கூட சிரிச்சிக்கினு இருந்தீங்க?" என்று திட்டினாள். பிறகு என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "அங்க ஒண்ணுமில்லைங்க. இந்தப் பக்கம் பாருங்க. நேரா பாக்காதீங்க, ஓரக்கண்ணால பாருங்க."

ஓரத்தில் வெளிறிய ஒரு கீறல். பிறையா, தூசியா, என்னால் சத்தியம் செய்ய முடியாது. பக்கத்து மாடியிலிருந்தும் "அதோ, அதோ!" என்று குரல்கள் எழுந்தன. ஹஜ்ரத்துக்கு போனில் சொன்னது ஜமீலா. கண்ணில் நின்றதை விட்டுவிட்டு, காதில் விழுந்ததை நம்பி அந்த மாத நோன்பை முடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் கண்ட பிறை மறைந்தது. கீழே எல்லோருக்கும் மாதம் மாறிவிட்டது. எனக்கு மட்டும் அந்த மாலை முடியவில்லை.

"வாங்க, இருட்டிக்கினு வருது" என்று கையைப் பிடித்தாள். திரும்பி அவளைப் பார்த்தேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பிறை அசையாமல் நின்றது. அவள் கை சூடாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன்.